சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: எங்கள் ஐயா காலத்து வீடு. பட்டாலைக் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்ந்தது. போன ஆண்டு அந்த இடத்தில் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தோம். இப்போது அதற்கு மேலே, தரையிலிருந்து மூன்றடியில் உதிர்கிறது. (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: ஆச்சி, அந்தச் சிமெண்டை முதலில் கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டன. போக்கிடம் இல்லாத ஈரம் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் வெளியே வருகிறது. கூடவே வரும் உப்பு பூச்சுக்குள் பூத்து, அதை வெளியே தள்ளுகிறது.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இதே குறை. வளவின் (நடுமுற்றத்தின்) மூலையில் மழைநீர் வெளியேறும் துவாரத்தில் கையை விட்டேன். முழங்கை வரை வேப்பஞ்சருகும் தேங்காய் நாரும் களிம்பாக அடைந்து கிடந்தன. வாரி எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம், சலசலவென்று ஓடிற்று. அந்த மழைக்காலத்தில் அங்கே புதிதாக ஒரு விரற்கடை கூட உதிரவில்லை. பூச்சு வேலைக்குக் கூலி பேசுவதற்கு முன் நீங்களும் அந்தத் துவாரத்தைத் திறந்து பாருங்கள்.

பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று கேட்கும் இடமெல்லாம் பிடிப்பு விட்ட இடம்; அதையும் எடுத்துவிட வேண்டும். ஒரு கோடை முழுவதும் சுவர் காயட்டும். நீற்றிய சுண்ணாம்பை நீர் நிற்கும்படி தொட்டியில் சில வாரமாவது ஊறப்போடுங்கள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்துப் பூசச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். தடித்த பூச்சுக்குள் காற்று எட்டாது. பூசியதும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் ஈரம் காக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்க்கிற மெருகுப் பூச்சுக்கு அவசரப்படாதீர்கள். ஒரு மழைக்காலம் கடந்து சுவர் நன்றாக இருந்தால் அதைச் செய்யலாம். கை தெரிந்த கொத்தனார் கூலி கூடுதலாகக் கேட்பார். அந்தக் கைக்கு அது தகும், கொடுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் தரை மங்கிவிட்டது. கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: படிக்கும்போதே மனம் வலித்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஆசிட் சிமெண்டைத் தின்றுவிடும்; போன மேல்தோல் அப்படியே திரும்பாது. இனி வெறும் தண்ணீரில் துடையுங்கள். வாரம் ஒருமுறை சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் தேய்த்து, வழுக்காதபடி உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நடக்க நடக்க ஓரளவு மினுக்கு வரும். மிகவும் கெட்டுப்போன கல்லை மாற்றுவதானால், பெயர்த்த கல் ஒன்றைக் கையோடு ஆத்தங்குடிக்கு எடுத்துப் போங்கள். கைபேசிப் படத்தைக் காட்டி நிறம் சொன்னால் பொருந்தாது.

கேள்வி: மழை பெய்தால் வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்முற்றப் பகுதியில்) ஓட்டுக்கூரை ஒழுகுகிறது. தார்ச் சீட் ஒட்டலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். பெரும்பாலும் ஒழுகுவது இரண்டு சரிவு சேரும் கூடுவாயில்தான். சருகு அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் திரும்பும். ஐப்பசி பிறக்கும் முன் கூட்டிவிட்டு, உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுங்கள். ஓட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல் பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் தேக்குக் கதவு இறுகிக்கொள்கிறது. இழைத்துவிடலாமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: இப்போது இழைத்தால் மாசியில் மரம் வற்றி, இடைவெளி விழுந்துவிடும். உரசும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்து, மெழுகுவத்தியைத் தேய்த்து வையுங்கள். மழை முடிந்தும் இறுகினால் கீழே குனிந்து, கதவு சுழலும் முளையான குடுமியைப் பாருங்கள். பழைய கதவுகள் பெரும்பாலும் குடுமி தேய்ந்துதான் தாழ்கின்றன. தச்சர் அதைச் சரிசெய்தால் கதவில் உளி படவே தேவையிருக்காது.

கேள்வி: மகளை ராமேசுவரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். புதுவீடுதான், ஆனால் ஜன்னல் கம்பி, தாழ்ப்பாள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. மேல்தளத்திலும் நீளமாக ஒரு விரிசல். நம் வீட்டில் இப்படி ஆகவில்லையே? (தேவகோட்டைத் தாய்)

பதில்: பாம்பன் தீவைச் சுற்றிலும் கடல், ஆச்சி. உப்புக்காற்று இரும்பை விடாது. துருப்பிடிக்காத எஃகு என்று வாங்கினாலும் 304 வகை அங்கே பழுப்புப் புள்ளி விடும். தாழ்ப்பாளும் திருகும் 316 வகையில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். ஜன்னல் கம்பியைத் துரு போகச் சுரண்டி, ப்ரைமர் அடித்த பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அடிக்கடி துடைத்துவந்தால் பெயிண்ட் நீடிக்கும்.

தளத்து விரிசலைத் தள்ளிப்போட வேண்டாம். அது கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக இருந்தால், உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று பொருள். மேலே பட்டி பார்த்து மூடினால் துரு உள்ளேயே வளரும். இந்த மாதமே ஒரு பொறியாளரைக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். அதுவரை அந்த விரிசலுக்கு நேர்கீழே கட்டிலோ தொட்டிலோ போட வேண்டாம்.