டெர்மட் ஓ'பிரையன்: கப்பும் அக்கார்டியனும் - கேள்வி பதில்

போன வாரம் டெர்மட் ஓ'பிரையனைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. அயர்லாந்தில் லவ்த் கவுண்டியில் குடியிருக்கிறேன். வேலை நேரம் போக அக்கார்டியன் ரிப்பேர் பார்க்கிறேன். இந்த இரண்டுக்குள் அடங்குகிற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கே: யார் இவர்? ஒரே மூச்சில் சொல்லுங்களேன்.

1932-ல் லவ்த் கவுண்டியின் ஆர்டீ என்ற சிற்றூரில் பிறந்தவர். பாடகர், அக்கார்டியன் கலைஞர், 'கிளப்மென்' என்ற ஷோபேண்டின் (நடன இசைக்குழு) தலைவர். அதற்கு முன்பே 1957-ல் லவ்த் அணியின் கேப்டனாக, அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் (Gaelic) கால்பந்தில் அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கியவர். 2007-ல் காலமானார். மூச்சு வாங்கிக்கொள்ளலாமா?

கே: இறுதிப் போட்டியன்று கேப்டனையே மைதானத்துக்குள் விடவில்லை என்கிறார்களே, நிஜமா?

இங்கே யாரைக் கேட்டாலும் சொல்கிற கதை அது. தோளில் அடி. போட்டி அன்று ஊசி போட்டுக்கொள்ளப் போனவர், டப்ளின் குரோக் பார்க்குக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. கேட் சாத்தியாகிவிட்டது. "நான்தான் லவ்த் கேப்டன்" என்றால் எந்தக் காவலாள் நம்புவான்? அன்று அங்கே பாதிப் பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது, இரண்டு அணிகளும் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் மைதானத்தைச் சுற்றி நடக்கிற அணிவகுப்பு தொடங்கிவிட்டது.

ஆட்டமும் லேசில் முடியவில்லை. அன்றைய கேலிக் கால்பந்து விதிப்படி ஒரு கோலுக்கு 3 புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் 1 புள்ளி. கடைசி நிமிடங்களில் லவ்த் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பக்கக் கோட்டிலிருந்து கெவின் பீஹன் தூக்கியடித்த பந்தை ஷான் கன்னிங்ஹாம் முஷ்டியால் குத்தி கோலுக்குள் தள்ளினார். முடிவு, கோல்-புள்ளி கணக்கில், லவ்த் 1-9, எதிரணியான கார்க் 1-7. அயர்லாந்திலேயே பரப்பில் மிகச் சிறிய கவுண்டிக்கு கப்பு.

இதற்கெல்லாம் சம்பளம் ஒரு பைசா கிடையாது. அந்த விளையாட்டு இன்றுவரை அமெச்சூர். மேடைதான் அவருக்குச் சோறு போட்டது.

கே: தாத்தா வைத்திருந்த பழைய அக்கார்டியன் வீட்டில் இருக்கிறது. என்ன விலைக்குப் போகும்?

படத்தை வைத்து விலை சொல்கிறவனை நம்பாதீர்கள். முதலில் துருத்தியை அரை அடி திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் உள்ளே தோல் வால்வுகள் சுருண்டிருக்கும், ரீடுகள் துருப்பிடித்திருக்கும். அதைச் சரிசெய்கிற செலவில் இன்னொரு பெட்டி வாங்கிவிடலாம்.

கே: ஷோபேண்ட் என்றால் நம்மூர் மெல்லிசைக் குழு மாதிரியா?

ஊர் ஊராகப் போய் அப்போதைய ஹிட் பாட்டைக் கேட்டவர்களுக்கு வாசித்துக் காட்டுவது வரைக்கும், ஆமாம். ஆனால் இங்கே கூட்டம் உட்கார்ந்து கேட்க வரவில்லை, ஆட வந்தது. அதற்கு முன்பிருந்த ஆர்கெஸ்ட்ராக்கள் இசைத்தாளை முன்னால் வைத்து நாற்காலியில் அமர்ந்து வாசித்தன. 1950-களில் வட அயர்லாந்தின் ஸ்ட்ரபேன் ஊரிலிருந்து வந்த கிளிப்பர் கார்ல்டன் குழு எழுந்து நின்றது, மேடையில் ஓடியாடியது, நடித்துக் காட்டியது. 'ஷோ' ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

பிறகு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. வயல்வெளி நடுவில் பால்ரூம் என்ற நடனக்கூடங்கள் முளைத்தன. மது கிடையாது, சோடா, ஆரஞ்சு பானம்தான். ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச்சுவரோரம். பாட்டு தொடங்கியதும் ஆண்கள் பக்கம் ஒரு ஓட்டம். கிராமத்தில் பாதிக் கல்யாணங்கள் அந்த ஓட்டத்தில்தான் முடிவானது என்பார்கள் பெரியவர்கள். பால்ரூம் நடத்திப் பணம் பார்த்த ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் 1992-ல் நாட்டுக்கே பிரதமரானார்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்களான தவக்காலம் வந்தால் மட்டும் ஆட்டம் கிடையாது. அந்த வாரங்களில் குழுக்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய், அங்கே வேலைக்குப் போயிருந்த ஐரிஷ்காரர்களுக்கு வாசித்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்விக்கு உதவும்.

கே: அடுத்தவன் பாட்டை நகலெடுத்துப் பாடிய கூட்டம்தானே ஷோபேண்ட்? இவரைப் போய்க் கலைஞர் என்கிறீர்களே.

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். நகல்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ராத்திரி முழுக்க வால்ட்ஸ், குவிக்ஸ்டெப், ராக் அண்ட் ரோல், நடுவில் ஒரு கேய்லி (ஐரிஷ் மரபு) நடனம் என்று தரை காலியாகாமல் பார்த்துக்கொள்வது கைவேலை. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முன்னால் நின்ற காலத்தில் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் தலைமை தாங்கியது சாதாரணமில்லை. பல இளைஞர்களுக்கு அது அப்பா காலத்து வாத்தியம். பெரியவர்களின் கேய்லி இசைக்கும் பிள்ளைகளின் ஷோபேண்டுக்கும் நடுவில் ஓ'பிரையன் நின்றார். அந்த இடம் காலியாக இருந்தது என்பதைக் கண்டுகொண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

கே: (அதே நண்பர்) பாடகர் வான் மாரிசனும் கிதார் கலைஞர் ரோரி கல்லஹரும் ஷோபேண்டை விட்டு வெளியே வந்த பிறகுதானே பெரிய ஆள் ஆனார்கள்? அதுவே என் பக்கத்துச் சாட்சி.

சாட்சியை நானும் குறுக்கு விசாரணை செய்கிறேன். ராயல் ஷோபேண்டின் கிதார்காரர் ஜிம் கான்லன் சிவப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிதார் கேட்டு ஆர்டர் கொடுத்தார். வந்தது வேறு நிறம். சரி, சிவப்பு வரும்வரை ஓட்டலாம் என்று கொஞ்ச நாள் வைத்துக்கொண்டு, பிறகு கடையிலேயே விட்டுவிட்டார். 1963-ல் கார்க் நகரின் குரோலி கடையில் அதை 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கியவன் 15 வயது ரோரி. எந்தத் தைரியத்தில்? ஃபோன்டானா ஷோபேண்டில் வாசித்து அடைத்துவிடலாம் என்ற தைரியத்தில். வியர்வை பட்டுப் பட்டு வார்னிஷ் உரிந்து மரம் தெரியும் அந்த கிதார், 2024 ஏலத்துக்குப் பிறகு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதை வைத்திருந்தவரும் ஷோபேண்ட், வாங்கியவரும் ஷோபேண்ட்.

கே: (மறுபடியும் அவரே) கிதார் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் சொந்தப் பாட்டு எங்கே?

அதில் உங்களுக்கே வெற்றி. குறைவுதான். பதிவான தட்டுகளை இன்று கேட்டால் பல சப்பென்றுதான் இருக்கின்றன. அந்தக் குழுக்கள் வாழ்ந்தது தட்டில் அல்ல, தரையில். ஆடிய கால்களை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. இத்தோடு இதை விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: 'தி மெர்ரி பிளவ்பாய்' ஏன் அவ்வளவு பெரிய ஹிட்?

வருடத்தைப் பாருங்கள், 1966. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஈஸ்டர் எழுச்சியின் 50-வது ஆண்டு. மார்ச்சில் டப்ளின் நடுவே நின்ற, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் தூணை வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். அதைப் பற்றிய கிண்டல் பாட்டு ஒன்றும் அந்த வருடம் முதலிடம் பிடித்தது. ஏரைப் போட்டுவிட்டுப் போராட்டத்துக்குப் போகும் உழவுப் பையனின் பாட்டுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தெரிந்த பழைய பாட்டுதான். ஓ'பிரையன் அதை ஆடுகிற வேகத்தில் கொடுத்தார், முதலிடம் போனது. மூன்று வருடம் கழித்து வட அயர்லாந்தில் கலவரம் வெடித்த பிறகு, இதே வகைப் பாட்டுகள் பலர் காதில் வேறு மாதிரி விழத் தொடங்கின.

கே: ஹார்மோனியம் தெரியும். அக்கார்டியன் சுலபமாக வருமா?

இரண்டும் ஒரே சாதி, காற்றில் அதிரும் உலோக ரீடு. பியானோ அக்கார்டியன் என்றால் வலது கை பிழைத்துக்கொள்ளும், ஆனால் கட்டை கண்ணுக்குத் தெரியாது. இடது கைதான் பாடுபடும். பேஸ் பொத்தானையும் அமுக்க வேண்டும், துருத்தியையும் இழுக்க வேண்டும். ஐரிஷ் மரபிசைக்காரர்கள் அதிகம் வாசிப்பது பொத்தான் வகை. பி (B) சுருதிக்கு ஒரு வரிசை, சி (C) சுருதிக்கு ஒரு வரிசை, இரண்டுக்கும் அரை சுருதி இடைவெளி. அமுக்கினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். ஹார்மோனியப் பழக்கம் அங்கே உதவாது, உபத்திரவம்தான்.

எதை வாங்கினாலும் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் வைக்காதீர்கள். ரீடுகளைப் பிடித்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும். ஒருவர் கோடை விடுமுறைக்கு அப்படி எடுத்துப் போய்விட்டு என்னிடம் கொண்டுவந்தார். பெட்டியைச் சாய்த்ததும் உள்ளே சில்லறை உருளுவது போல ரீடுகள் உருண்டன.

கே: பழைய அக்கார்டியன், 48 பேஸ், விலை தோராயமாக...?

மோந்து பாருங்கள்.

கே: என்னுடையது சிவப்பு நிறம். விலை...?

நிறத்துக்கு வாடை கிடையாது. மேலே படியுங்கள்.

கே: டப்ளின் குழுவான மயாமி ஷோபேண்டுக்கு என்ன நடந்தது?

1975 ஜூலை 31 அதிகாலை, வட அயர்லாந்தில் கச்சேரி முடிந்து டப்ளினுக்குத் திரும்பும் வழியில், ஆயுதக் குழு ஒன்று ராணுவச் சோதனைச் சாவடி போல வேஷம் கட்டிக் குழுவின் வேனை நிறுத்தியது. வேனில் வைத்த குண்டு முன்னதாகவே வெடித்து வைத்தவர்களில் இருவர் செத்தார்கள். பிறகு சுட்டதில் ஃபிரான் ஓ'டூல், டோனி ஜெராட்டி, பிரையன் மெக்காய் மூவரும் இறந்தார்கள். அதன் பிறகு எல்லை தாண்டி வட அயர்லாந்துக்குப் போய் வாசிக்கவே பலர் பயந்தார்கள்.

கே: இவ்வளவு பேர் வாங்கியவர் ஏன் அமெரிக்கா போனார்?

தவக்காலத்தை மனதில் வைக்கச் சொன்னேனே. 1970-களில் மது விற்கும் லவுஞ்ச் பார்களும் டிஸ்கோவும் வந்தன, பால்ரூம்கள் மரக்கிடங்காயின. இங்கே கூட்டம் கரைந்தது. அங்கே நியூயார்க் பக்கம் ஐரிஷ்காரர்கள் இன்னும் வால்ட்ஸ் கேட்டார்கள். 1983-ல் அவரும் போனார். கூட்டம் இருக்கிற இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அந்தத் தொழிலில் புதிதல்ல.

கே: லவ்த் அப்புறம் கப்பு அடிக்கவே இல்லையா?

அகில அயர்லாந்துக் கோப்பை இன்னும் இல்லை. லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தை 2025-ல் மீத் கவுண்டியைத் தோற்கடித்து எடுத்தார்கள், அதுவும் 1957-க்குப் பிறகு முதல் தடவை. அன்று ராத்திரி எங்கள் தெருவில் ஹாரன் சத்தத்தில் தூங்க முடியவில்லை.

கே: ஐயா, தாத்தாவின் அக்கார்டியனை மோந்து பார்த்துவிட்டேன். அந்துருண்டை வாடைதான் வருகிறது.

அட! அப்படியென்றால் யாரோ அக்கறையாகத்தான் வைத்திருந்திருக்கிறார்கள். துருத்தியை இழுக்காமல் அப்படியே வையுங்கள். பின்பக்க ஊசிகளைக் கழற்றி உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்ப்போம்.