குத்துவாளின் ஊர் எது?

கேள்வி: தாத்தாவின் இரும்புப் பெட்டியில் ஒரு குத்துவாள் கிடைத்தது. மொத்த நீளம் 40 செ.மீ. ஒருபக்கம் மட்டுமே கூர். முதுகு தடித்து, குறுக்கே பார்த்தால் 'டி' எழுத்துப் போல இருக்கிறது. நுனி இலேசாக வளைந்து மெலிகிறது. வெள்ளைப் பிடி இரண்டு பட்டைகளாக ஆணி அடித்துப் பொருத்தப்பட்டது. அலகின் அடியில் தங்கத்தில் ஒரு பூச்செடி, பக்கத்தில் பாரசீக எழுத்து. பழம்பொருள் வியாபாரி ஒருவர், "எழுத்தே சொல்கிறதே, ஈரான் சரக்கு, மெருகேற்றித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா? மகன் துபாய்க்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறான். (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: முதலில் அந்த மெருகு வேலையைத் தடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்களிடம் இருப்பது பேஷ்கப்ஸ் என்ற குத்துவாள் வகை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தடித்த முதுகும் ஒடுங்கிய நுனியும் இரும்பு வளையங்களால் கோத்த கவசத்தைத் துளைப்பதற்காக அமைந்தவை. குத்தும்போது அலகு மடங்காமல் தாங்குவது அந்த முதுகுதான். அதே கத்தி நேரான முதுகோடு, வளைவில்லாமல் இருந்திருந்தால் 'கார்த்' என்றிருப்பேன். இருபுறமும் கூராக வளைந்திருந்தால் கஞ்சர்.

ஊர் விஷயத்தில் வியாபாரியின் வாதம் நிற்காது. பாரசீகம் முகலாயர்களின் அரசவை மொழி. டில்லியிலும் லாகூரிலும் ஹைதராபாத்திலும் ஆயுதங்களில் அதைத்தான் பொறித்தார்கள். உருக்கையும் நம்ப முடியாது. தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் வார்த்த உருக்குக் கட்டிகளை வாங்க ஈரானிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் அடித்த அலகின் இரும்பே நம் பக்கத்ததாக இருக்கலாம்.

நான் பிடித்துக்கொள்வது அந்தப் பூச்செடியை. கொடியாகப் படராமல், மண்ணிலிருந்து எழுவதுபோலத் தனியாக நிற்கிறதா? அப்படியானால் அது முகலாயக் கலையின் கை. ஜஹாங்கீர் 1620இல் காஷ்மீரின் வசந்தத்தைக் கண்டு, ஓவியர் மன்சூரைக் கொண்டு அங்கே பூக்களை வரையச் செய்தார். அந்த நூற்றாண்டிலேயே தனிச்செடி கல்லிலும் துணியிலும் ஆயுதப்பிடியிலும் ஏறிவிட்டது. ஆகவே இந்தியா என்று சாய்கிறேன். ஆனால் காலத்தை அது சொல்லாது. அதே செடியை 19ஆம் நூற்றாண்டிலும் போட்டார்கள்.

தங்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். தேய்ந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது கோஃப்த்காரி: இரும்பைக் கீறிச் சொரசொரப்பாக்கி, தங்கக் கம்பியை அதில் வைத்துத் தட்டிப் பதிக்கும் வேலை. கீறலே இல்லாமல் பள்ளம் மேடு எல்லாம் ஒரே சீராக மஞ்சள் படிந்திருந்தால், பிற்கால முலாம் என்று சந்தேகப்படுங்கள்.

பிடியையும் அதே லென்ஸில் பார்க்கலாம். கருமையான பொடித் துளைகள் தெரிந்தால் எலும்பு. வெட்டு முகத்தில் வலைபோலக் குறுக்குக் கோடுகள் ஓடினால் யானைத் தந்தம். உட்பகுதி பளிங்குபோலக் குழம்பித் தெரிந்தால் வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தம். ஈரானியர் 'மீன் பல்' என்று போற்றியது. நெருப்பில் சூடேற்றிய ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்த வடு ஆறாது.

மெருகை ஏன் தடுத்தேன் என்றால், ஒரு குடும்பம் புளியும் உப்புத்தாளும் போட்டுப் பளபளவென்று தேய்த்த கட்டாரி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தது. பிடியோரத்தில் விரல் நுழையாத ஒரு மூலையில் மட்டும், ஓடும் நீர்போன்ற உருக்கு வரிகள் நகக்கண் அளவுக்கு மிஞ்சியிருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் சமையலறைக் கத்தி. அந்த மூலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. மென்மையான பருத்தித் துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு அலகை மட்டும் துடையுங்கள், போதும்.

துபாய்ப் பயணம் வேண்டாம். நூறு ஆண்டு தாண்டிய இத்தகைய பொருளைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துப்போக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. பிடி யானைத் தந்தமாக இருந்தால் விற்கவும் கூடாது.

எழுத்தின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏதாவது பொறித்திருந்தால் அடுத்த இதழில் காலத்தையும் பேசலாம்.