முடிவுக்கு வராத ஜூரியை நீதிபதி வற்புறுத்தலாமா? – கேள்வி பதில்

கேள்வி: குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் 12 பேரும் ஒரே முடிவுக்கு வராவிட்டால் நீதிபதி என்ன சொல்லலாம்?

பதில்: அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் ஆலன் வழக்கில் ஏற்றுக்கொண்ட அறிவுரையே இதற்கு அடிப்படை. தங்களைப் போலவே நேர்மையும் அறிவும் உடைய இத்தனை பேருக்கு எழாத ஐயம் தங்களுக்கு மட்டும் எழுவது நியாயந்தானா என்று குறைந்த எண்ணிக்கையில் மாறுபட்டு நிற்கும் ஜூரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். முட்டுக்கட்டையைத் தகர்க்கும் அதன் வலிமையைக் கருதி வழக்கறிஞர்கள் அதை 'டைனமைட்' அறிவுரை என்பார்கள்.

கேள்வி: வார்த்தைகள் மென்மையாகத்தானே இருக்கின்றன?

பதில்: அவை யார் காதில் விழுகின்றன என்பதைப் பாருங்கள். மூன்று நாள் விவாதித்துக் களைத்து, வீடு திரும்பக் காத்திருக்கும் பதினொருவருக்கு நடுவே தனித்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், நீதிபதியும் தன்னை நோக்கியே பேசுகிறார் என்று உணர்ந்தால், சாட்சியத்தால் அல்ல, சலிப்பால் இணங்கிவிடுவார். மறுபடி யோசிக்கச் சொல்லலாம், விட்டுக்கொடுக்கச் சொல்லக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1977இல் இவ்வகை அறிவுரையை ஏற்க மறுத்தது. இன்று பல நீதிமன்றங்கள் பெரும்பான்மை, சிறுபான்மை என இரு பக்க ஜூரிகளையும் யோசிக்கச் சொல்லி, மனசாட்சிக்கு மாறாக எவரும் இணங்க வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொல்கின்றன.

கேள்வி: எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று நீதிபதி கேட்கலாமா?

பதில்: அமெரிக்க மத்திய அரசின் கீழ் வரும் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கூடாது. 1926ஆம் ஆண்டின் பிராஸ்ஃபீல்டு வழக்கு முதல் அதுவே விதி.

கேள்வி: நீதிபதி எல்லை மீறிய வழக்குகள் உண்டா?

பதில்: உண்டு. முடிவெடுத்தே தீர வேண்டும் என்று நீதிபதி ஜூரிகளிடம் சொன்னதற்காக, 1965இல் ஜென்கின்ஸ் வழக்கின் தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கிலாந்தின் மெக்கென்னா வழக்கு (1960) இன்னும் கொடியது. பத்து நிமிடத்தில் முடிவு வராவிட்டால் இரவு முழுவதும் அடைத்து வைக்கப்படுவீர்கள் என்று நீதிபதி சொல்ல, ஆறே நிமிடத்தில் 'குற்றவாளி' என்ற தீர்ப்புடன் ஜூரிகள் திரும்பினார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

கேள்வி: அப்படியும் ஒத்துப்போகாவிட்டால்?

பதில்: ஜூரியைக் கலைத்துவிட்டு, புதிய ஜூரியிடம் மறுவிசாரணை நடத்தலாம், ஒரே குற்றத்துக்கு இரு முறை விசாரிக்கக்கூடாது என்ற தடை இதற்குப் பொருந்தாது என்பது 1824ஆம் ஆண்டு பெரெஸ் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. இங்கிலாந்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் விவாதித்த பிறகு 12 பேரில் 10 பேர் ஒத்துப்போனாலே தீர்ப்பை ஏற்கலாம். அமெரிக்காவிலோ கடுமையான குற்ற வழக்குகளில் ஒருமனதான தீர்ப்பு எல்லா மாநிலங்களிலும் கட்டாயம் என்று 2020இல் ரேமோஸ் வழக்கு உறுதி செய்துவிட்டதால், தனித்து நிற்கும் அந்த ஒருவரின் மீது விழும் அழுத்தம் அங்கே குறையவில்லை.