பையனுக்கு ஸ்பெஷலிஸ்ட் காலேஜ் தேடற தம்பிக்கு

தம்பி, ஸ்கில்டு ஒர்க்கர் விசால இங்கிலாந்து வந்து நாலு மாசம்தான் ஆச்சு, பையனுக்கு 17 வயசு, ஆட்டிசம், பேச்சு கம்மின்னு சொல்லியிருந்தீங்க. ஸ்பெஷலிஸ்ட் காலேஜ்ல, அதாவது இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னே இருக்கற காலேஜ்ல, சேர்த்தா ஒதுக்கி வச்ச மாதிரி ஆயிடாதா, அதோட அங்க பெத்தவங்களை விட்டுட்டு அவன்கிட்டயே கேக்கறாங்களே, அவனுக்கு என்ன தெரியும்னும் கேட்டிருந்தீங்க. என் பொண்ணுக்கு இப்ப 22, செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால உடம்பு அசைவு கஷ்டம், அப்படி ஒரு காலேஜ்ல மூணு வருஷம் படிச்சா, அதை வச்சு சொல்றேன்.

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வரேன், எனக்கும் அதுதான் ரொம்ப உறுத்துச்சு. முதல் மீட்டிங்ல டியூட்டர் நாற்காலியை இவ வீல்சேர் பக்கம் திருப்பிப் போட்டுட்டு, இங்க வந்து என்ன கத்துக்கணும்னு ஆசைன்னு இவகிட்ட கேட்டாங்க. இவ கண்ணால எழுத்தைப் பார்த்துப் பார்த்து மெஷின்ல பேசுவா, ஒரு வரி வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். நான் வழக்கம்போல "அவளுக்கு கம்ப்யூட்டர்னா பிடிக்கும்"னு ஆரம்பிச்சேன், அந்தம்மா முகம் சுளிக்கல, கையை மட்டும் லேசா தூக்கி கொஞ்சம் இருங்கன்னாங்க. ரூம்ல அஞ்சு பேர் இருந்தோம், ஒருத்தர்கூட வாட்சைப் பார்க்கல, பேப்பரைப் புரட்டல, அப்படியே காத்திருந்தாங்க. கடைசில மெஷின் சொன்னது, "தனியா கடைக்குப் போகணும்". பதினெட்டு வருஷம் தூக்கி வளர்த்தவ நான், எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன்.

இது அந்த டியூட்டரோட நல்ல மனசு மட்டும் இல்ல, சட்டமே அப்படித்தான். 2014 சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் ஆக்ட் படி கட்டாய ஸ்கூல் வயசு முடிஞ்சதும் காலேஜ் கேக்கற உரிமை, அப்பீல் பண்ற உரிமை எல்லாம் பையன் கைக்குப் போயிடும். 2005 மென்டல் கபாசிட்டி ஆக்ட் என்ன சொல்லுதுன்னா இவனால முடிவெடுக்க முடியும்னு நம்பித்தான் ஆரம்பிக்கணும், படம் காட்டியோ சைன் பண்ணியோ புரிய வைக்க எல்லா முயற்சியும் பண்ணிப் பார்க்கணும், அப்புறமும் முடியலன்னா அந்த ஒரு முடிவுக்கு மட்டும் உங்களை மாதிரி ஒருத்தர் அவனுக்காகப் பேசலாம். அவன் எடுக்கற முடிவு நமக்குப் பிடிக்கலங்கறதுக்காக அவனுக்குத் தெரியாதுன்னு சொல்லிட முடியாது.

ஒதுக்கறதைப் பத்தி. 1996ல டாம்லின்சன் கமிட்டின்னு ஒண்ணு இங்க காலேஜ் படிப்பைப் பத்தி அறிக்கை கொடுத்துச்சு, எல்லாரையும் ஒரே கிளாஸ்ல உட்கார வைக்கறது மட்டும் இன்க்ளூஷன், அதாவது எல்லாரையும் சேர்த்துக்கறது, ஆகாது, அந்தப் பிள்ளை எப்படி கத்துக்குதோ அதுக்குத் தகுந்த மாதிரி காலேஜ்தான் தன்னை மாத்திக்கணும்னு சொன்னாங்க. நான் அதை நம்பறேன். எல்லாரும் படிக்கற மெயின்ஸ்ட்ரீம் காலேஜ் அப்படி மாத்திக்குதுன்னா தாராளமா அங்கயே சேருங்க, தப்பே இல்ல. ஆனா ஸ்பெஷலிஸ்ட்ங்கற பேர் இருந்தா மட்டும் போதும்னும் நினைக்காதீங்க. நாங்க பார்க்கப் போன ஒரு இடத்துல சுவர் பூரா நல்ல நல்ல வாசகம், உள்ள 19 வயசுப் பசங்க சின்னப் பிள்ளைங்க கலரிங் புக்கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க, அப்படியே திரும்பி வந்துட்டோம்.

இப்ப நீங்க கேக்க வேண்டியது இ.எச்.சி.பி, அதாவது பையனுக்குப் படிப்பு, உடல்நலம், பராமரிப்புல என்ன உதவி வேணும்னு உங்க ஏரியா கவுன்சில் போட்டுத் தர்ற ப்ளான். கேட்ட நாள்ல இருந்து 20 வாரத்துக்குள்ள முடிக்கணும்னு விதி, தேவை இருந்தா 25 வயசு வரைக்கும் ஓடும், ஸ்பெஷலிஸ்ட் காலேஜ் ஃபண்டிங்குக்கு இது முக்கியம். படிப்பு உதவி பப்ளிக் ஃபண்ட்ஸ் (விசா விதில சொல்ற அரசாங்க உதவிப் பணம்) கணக்குல வராது, அதனால விசாவுக்குப் பாதிப்புன்னு பயந்து கேக்காம இருந்துடாதீங்க. ஆனா பி.ஐ.பி, அதாவது உடல்நலக் குறைபாடு உள்ளவங்களுக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகை, அந்தக் கணக்குல வரும், உங்க விசால பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாதுன்னு போட்டிருந்தா அதுக்கு அப்ளை பண்ணிடாதீங்க. எங்க கவுன்சில் முதல்ல முடியாதுன்னுதான் லெட்டர் போட்டாங்க, ட்ரிபியூனலுக்கு, அதாவது இந்த மாதிரி அப்பீலை விசாரிக்கற தீர்ப்பாயத்துக்கு, போய்தான் வாங்கினோம், அங்க அப்பீல் பண்ண பொதுவா லெட்டர் தேதியில இருந்து ரெண்டு மாசம்தான் டைம், தள்ளிப் போடாதீங்க. ஒவ்வொரு கவுன்சில் ஏரியாலயும் சென்டியாஸ்னு இலவச ஆலோசனை சர்வீஸ் இருக்கு, இப்சியாங்கற சாரிட்டியும் சட்ட விஷயம் இலவசமா சொல்லித் தருவாங்க. இது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும், வேல்ஸ் ஸ்காட்லாந்துல சட்டம் வேற.

காலேஜ் பார்க்கப் போறப்ப பையனைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, லஞ்ச் டைம்ல போங்க. என்ன வேணும்னு ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேட்டுட்டு பதில் வர்ற வரைக்கும் நிக்கறாங்களா, இல்ல தட்டுல போட்டுக் கொடுத்துட்டுப் போயிடறாங்களான்னு பாருங்க. பிரௌஷர்ல இருக்கறதைவிட எனக்கு அங்கதான் நிறைய தெரிஞ்சுது. என் பொண்ணு இப்ப வாரத்துல ரெண்டு நாள் கடைக்குத் தனியா போறா, முதல் மாசம் காலேஜ் ஸ்டாஃப் பத்தடி பின்னாடி நடந்து பழக்கினாங்க, இப்ப யாரும் கூடப் போறதில்ல. அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் ஜன்னல்கிட்டதான் நிக்கறேன்.