அந்த ஆடுகளுக்கும் எலிகளுக்கும் என்ன பதில்?

மருந்தாய்வில் விலங்குகளைப் பயன்படுத்துவது பற்றி நீலகிரி வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், தடுப்பூசிக் கூடமொன்றில் விலங்குகளைப் பராமரித்து ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்.

சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தாமே, டாக்டர்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்)

உண்மைதான் ஐயா. ஆட்டின் மூளைக்குள் வெறிநோய் வைரஸைச் செலுத்துவார்கள். சில நாளில் கால் இழுக்கும், விழுந்துவிடும். பிறகு கொன்று, மூளையை அரைத்து, வைரஸைச் சாகடிக்க ஃபீனால் என்ற ரசாயனம் சேர்த்து மருந்தாக்குவார்கள். வடக்கே இமாச்சல மலையிலுள்ள கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1911-ல் வகுத்த முறை அது. வெறிநாய்க்கடிக்கு ஊசி போட அந்தக் கசௌலிக்கே ரயிலேறிய காலமும் உண்டு. 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த பிறகுதான் தெற்கே இருப்பவர்களுக்கு விடிவு.

ஆனால் மருந்தில் மூளைத் திசு இருந்ததால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கை கால் முடங்கியது. ஆட்டுக்கும் வேதனை, மனிதருக்கும் ஆபத்து. 2004 கடைசியில் நம் நாட்டில் அதை நிறுத்தினார்கள். இப்போது வீரோ செல்களில் வைரஸை வளர்க்கிறார்கள். 1962-ல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வம்சம் அது. அத்தனை ஆடுகள் பிழைத்தது இப்படித்தான்.

அப்படியானால் இப்போது எந்த விலங்கும் சாவதில்லையா? (கல்லூரி மாணவி, கோத்தகிரி)

சாகிறது அம்மா. மருந்தின் வீரியத்தைப் பார்க்கும் பழைய சோதனையில் சுண்டெலிகளுக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு, 14-ஆம் நாள் மூளைக்குள் வைரஸைச் செலுத்தி, இரண்டு வாரம் பார்க்க வேண்டும். நோய் தொற்றிய எலியின் ரோமம் குத்திட்டு நிற்கும், முதுகு கூனும், பின்னங்கால் இழுபடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தானாகச் சாகட்டும் என்று காத்திருப்பதுதான் வழக்கம். ஒருநாள் காலை ஓர் எலி தண்ணீர்க் குழாய் வரை ஊர்ந்தது. வாயை உயர்த்த அதனால் முடியவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு, கால் இழுக்கத் தொடங்கியதுமே வலியில்லாமல் முடித்துவிடும் வழக்கத்துக்காக வாதாடினேன். அதற்குப் பல மாதம் பிடித்தது.

எலியே இல்லாமல், மருந்திலுள்ள வைரஸ் புரதத்தை எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் அளக்க முடியும். அப்படி மாற்று இருக்கும்போது எலியைக் கொல்வது எனக்குப் பாவமாகவே படுகிறது.

யார் கேட்பது இதையெல்லாம்? (வணிகர், கூடலூர்)

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கூடத்திலும் நெறிமுறைக் குழு கட்டாயம். வெளியாளும் உட்கார வேண்டும். அந்த வெளியாள் வாய் திறந்து கேட்டால்தான் பயன். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரே போதாதா? (மாணவர், வெலிங்டன்)

சில சோதனைக்குப் போதும். முழு உடம்புக்குள் மருந்து எப்படிப் போகிறது என்பதற்கு இன்னும் போதாது.

எலி செத்து வந்த ஊசி என்றால் வேண்டாமென்று சொல்லிவிடலாமா? (தேயிலைத் தோட்டத் தொழிலாளி, மஞ்சூர்)

வேண்டாம் அம்மா. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போடுங்கள். அப்புறம், உங்கள் லைன் வீட்டு நாய்க்கும் வருஷா வருஷம் ஊசி போட்டுவிடுங்கள்.