ஃபாஃப்ஹர்ட் – கிரே மௌசர் கதைகளை எந்த வரிசையில் படிப்பது?

முதல் தொகுதியின் முதல் கதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஃபாஃப்ஹர்ட், கிரே மௌசர் என்ற இரண்டு சாகச நண்பர்களைப் பற்றிய இந்த வாளும் மந்திரமும் கலந்த கதைகளை அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர் 1939-இல் 'அன்நோன்' என்ற கற்பனைக் கதை இதழில் தொடங்கினார். பாத்திரங்களை உருவாக்கியதில் நண்பர் ஹாரி ஃபிஷருக்கும் பங்குண்டு. பின்னாளில் வந்த தொகுதிகளோ நாயகர்களின் வயதுப்படி அடுக்கப்பட்டவை. அதனால் முதல் தொகுதியான 'ஸ்வோர்ட்ஸ் அண்ட் டெவில்ட்ரி'யில் இருவரின் தனித்தனி இளமைக் கதைகள்தான் முதலில் வரும். அவை மெதுவாக நகர்பவை, இருவரும் சேர்ந்து அடிக்கும் கூத்து அவற்றில் இல்லை. பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அதே தொகுதியின் கடைசிக் கதையான 'இல் மெட் இன் லாங்க்மார்' (1970) நல்ல வாசல். லாங்க்மார் என்பது கதைகளில் வரும் கற்பனை நகரம். அறிவியல் புனைவுக்கும் மிகைக்கற்பனைக்கும் தரப்படும் ஹ்யூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் இந்தக் கதை வென்றது. திருடர் சங்கத்தோடு மோதி இருவரும் எதை இழக்கிறார்கள் என்பது தெரிந்தால், பிந்தைய கதைகளின் கேலிக்கு அடியில் ஓடும் துயரமும் பிடிபடும்.

அடுத்து 'பஜார் ஆஃப் தி பிசார்'. மாயக்கடையில் கிரே மௌசர் அபூர்வப் புத்தகங்களையும் கூண்டிலிருக்கும் அழகிகளையும் கண்டு சொக்கி நிற்கிறான். மந்திரச் சிலந்திவலையைக் கண்ணில் கட்டிவரும் ஃபாஃப்ஹர்டுக்கு அதே கூண்டுகளில் தெரிவது சிலந்திகள். ஒரே அறையை இரண்டு ஜோடிக் கண்களால் காட்டும் இந்த உத்திக்காகவே இதைப் படிக்கலாம்.

பிறகு 'லீன் டைம்ஸ் இன் லாங்க்மார்'. நண்பர்கள் பிரிந்து, ஒருவன் சின்னச் சாமி ஒன்றுக்குத் தொண்டனாகிறான். மற்றவன் கோயில்களிடம் மாமூல் வசூலிப்பவனுக்கு அடியாளாகிறான். தொடரிலேயே சிறந்த நகைச்சுவை இதுதான் என்பேன்.

'தி ஸ்வோர்ட்ஸ் ஆஃப் லாங்க்மார்' மட்டும் முழு நாவல், அதை இவற்றுக்குப் பிறகு எடுங்கள். 1988-இல் வந்த கடைசித் தொகுதியை இறுதிக்கு வையுங்கள்.