புருவத்தருகே ஒரு கல்

கேள்வி: ஒன்பது வயதுப் பேத்தியின் இடப் புருவ ஓரத்தில் ஓராண்டாகப் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருக்கிறது. வலி இல்லை, கல்லாகக் கனத்து, மேல்தோல் லேசாக நீலம் பாரித்திருக்கிறது. மயிர்க்காலில் வந்த கட்டி என்கிறார் மருத்துவர். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டும் கரையவில்லை. இது புற்றுநோயா? பெண் பிள்ளை முகத்தில் கத்தி வைக்கலாமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை.

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ‘பைலோமேட்ரிகோமா’ என்ற கட்டிக்குப் பொருந்துகின்றன. அரிதாக வரும் இது, பெரும்பாலும் இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் மேற்கையிலும் தோன்றும் சாதுவான கட்டி. புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம்.

மயிர்க்காலின் அடியில் முடியை உருவாக்கும் செல்கள், பீட்டா கேட்டனின் என்ற புரதத்துக்கான மரபணுவில் நேரும் பிழையால், முடியாக வளராமல் ஓரிடத்தில் திரண்டுவிடுகின்றன. அவற்றுள் பல உட்கரு இழந்து வெற்றுக்கூடாக நிற்பதால் மருத்துவர்கள் அவற்றை ‘நிழல் செல்கள்’ என்பார்கள். அந்தக் கூடுகளில் கால்சியம் படியப் படியக் கட்டி கல்லாகிறது. 1880இல் பிரான்சில் முதலில் விவரிக்கப்பட்டபோதே இது சுண்ணமேறும் கட்டி என்றுதான் பெயர் பெற்றது. உள்ளேயே சுண்ணம் இறுகிக் கிடக்கும் ஒன்றை வெளியே சுண்ணாம்பு பூசிக் கரைக்க முயன்றிருக்கிறீர்கள்! செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு வழவழப்புத் தந்த சுண்ணாம்பு, குழந்தையின் தோலை வேகத்தான் வைக்கும். எண்ணெயோ உணவோ இதற்குக் காரணமில்லை.

மேல்தோலை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பிடித்தால், கட்டி உருண்டையாக இல்லாமல், கூடாரத் துணியைப் போலப் பட்டையும் முனையுமாகத் தெரியும். ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பும். அனுபவமுள்ள மருத்துவர் இதைக் கொண்டே பாதி முடிவுக்கு வந்துவிடுவார். ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் சோதனை சில நேரம் தவறாகப் புற்றுநோய் என்று காட்டிவிடும் என்பதால், அதை மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம்.

இது தானாக மறையாது. அறுவை செய்து முழுதாக எடுப்பதே வழி. முழுதாக எடுத்தால் மீண்டும் வருவது அரிது. புருவக் கோட்டை ஒட்டிக் கீறினால் தழும்பு முடிக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். எடுத்த கட்டியைத் திசுச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். உடலில் வேறு இடங்களிலும் இதுபோன்ற கட்டிகள் இருந்தாலோ, குடும்பத்தில் ‘மயோடோனிக் டிஸ்ட்ரோபி’ என்ற பரம்பரைத் தசை நோயோ, குடலில் பாலிப்புகள் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் பலவோ இருந்தாலோ, அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுண்ணாம்பை இன்றே நிறுத்துங்கள். தோல் புண்ணாகியிருந்தால், அது ஆறும்வரை அறுவையைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.